காலடியில் எழுதிய வரலாறு

பழம்பொருள் சேர்ப்போர் ஒரு பீங்கான் பூனையைக் கையில் எடுத்தால், முதலில் அதன் முகத்தை நோக்குவதில்லை. கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கத்தையே நோக்குகின்றனர். கட்டைவிரல் உயரமே உள்ள அப்பூனையின் அடியில் ஒரு சிறு துளையும், அதனருகே ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களும் இருக்கும். 'நிப்பான்' என்றிருந்தால் ஒரு காலம். 'ஜப்பான்' என்றிருந்தால் பிறிதொரு காலம். 'ஆக்குபைட் ஜப்பான்', அஃதாவது பிறர் கைப்பட்ட ஜப்பான் என்றிருந்தால் இன்னொரு காலம். பூனையின் கண்ணும் மீசையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்க, அதன் காலடிச் சொல் மட்டும் மாறிக்கொண்டே வந்துள்ளது. அச்சொல்லை மாற்றியவர் யார், ஏன் மாற்றினர் என வினவுவோர்க்கு அப்பூனை பல செய்திகளைக் கூறும்.

வரலாறு கற்பிப்போர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாணயத்தையுமே பெரும்பாலும் சான்றுகளாகக் காட்டுவர். சில காசுக்கு விற்ற விளையாட்டுப் பொருளைச் சான்றாகக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயின், கல்வெட்டு என்பது அரசன் தான் சொல்ல விரும்பியதைச் சொல்வது. பீங்கான் பூனையின் காலடி எழுத்தோ சுங்க அதிகாரிக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. எழுதியவன் சொல்ல விரும்பாததையும் அது சொல்லிவிடுகிறது.

ஜப்பானில் பீங்கான் தொழில் தோன்றிய வரலாறே ஒரு போரில்தான் தொடங்குகிறது. 1592ஆம் ஆண்டு முதல் 1598ஆம் ஆண்டு வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவின்மீது இருமுறை படையெடுத்தன. நாட்டைப் பிடிக்க இயலாமல் திரும்பிய அப்படைத்தலைவர்கள், கொரியக் குயவர்களைக் குடும்பங்களோடு கொண்டுவந்து தத்தம் நிலப்பகுதிகளில் குடியமர்த்தினர். இதனால் அப்போர்களுக்கு மட்பாண்டப் போர்கள் என்னும் பெயரும் உண்டு. கியூஷு தீவில் சாகா பகுதியை ஆண்ட நபேஷிமா குலத்தார் கொண்டுவந்தவர்களுள் ஈ சாம்பியோங் என்பார் ஒருவர். அரிட்டா என்னும் ஊரின் இசுமியாமா மலையில், பீங்கானுக்கு ஏற்ற வெண்கல்லை அவர் 1616ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அரிட்டாவின் தோசான் கோயிலில் அவரும் வழிபடப்பெறுகிறார். 1917ஆம் ஆண்டில் அவருக்கென ஒரு நினைவுத்தூணும் எழுப்பப்பட்டது. சிறைப்பட்டு வந்தவர் தெய்வமாக வணங்கப்படுகிறார். அவரைக் கொண்டுவந்த குலத்தின் தலைவரான நபேஷிமா நவோஷிகேயும் அதே கோயிலில் உடனுறைகிறார். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரிட்டாவின் பீங்கான் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வண்ணம் பெற்றது. மெருகின்மேல் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் வண்ணங்களைத் தீட்டி மீண்டும் சுடும் முறையை 1640களில் கைவரப்பெற்றவர் சகாய்தா காக்கியேமோன் என்பர். சீனாவில் 1644இல் மிங் பேரரசு வீழ்ந்து குழப்பம் மிகுந்தபோது, சீனப் பீங்கானை நம்பியிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிட்டாவை நாடியது. நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் 1641 முதல் அக்கம்பெனியார் அடைபட்டவர்போல் வாழ்ந்து வணிகம் செய்துவந்தனர். மலாக்கா டச்சுக்காரர் கைக்கு வந்ததும் அதே 1641ஆம் ஆண்டில்தான் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. 1659ஆம் ஆண்டில் அக்கம்பெனி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாண்டங்களை ஒரே முறையில் கேட்டு எழுதியது. தட்டும் கிண்ணமும் குடுவையுமாகச் சென்ற அச்சரக்குகளோடு விலங்குருவங்களும் ஐரோப்பா சென்றன.

அவற்றுள் யானைகள் தனித்துக் குறிப்பிடத் தக்கவை. காக்கியேமோன் முறையில் அமைந்த ஓர் இணை யானைகள் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. வெண்ணிற உடல், தூக்கிய துதிக்கை, சேணத்தையும் கயிற்றையும் குறிக்கும் வண்ணக்கோலம். முழங்கைக்குச் சற்று மிகுந்த நீளமுடைய அவை சிற்றுருவங்கள் அல்ல. எனினும், பின்னாளில் உள்ளங்கையில் அடங்குமாறு பிறந்த எல்லா ஜப்பானியப் பீங்கான் விலங்குகளுக்கும் அவற்றை மூதாதையர் எனலாம். அவற்றை வனைந்தவர் யானையைக் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பௌத்த ஓவியங்களிலும் சீனச் சித்திரங்களிலும் வழங்கிய யானையையே அவர் அறிந்திருத்தல் கூடும். யானையைத் தெருவிலும் கோயிலிலும் கண்டு பழகிய தமிழர், அதன் உடலமைப்பில் ஏதோ பிசகியிருப்பதை ஒரே நோக்கில் உணர்வர். ஆனால் அதன் கண்ணில் உள்ள அருளைக் குறைகூற மாட்டார். 1728ஆம் ஆண்டில் வியட்நாமிலிருந்து இரு யானைகள் நாகசாகியில் வந்திறங்கின. பெண் யானை அங்கேயே இறந்தது. ஆண் யானை மட்டும் நெடுந்தொலைவு நடந்து, கியோத்தோவில் பேரரசர் காண நின்று, 1729இல் எடோ நகரை அடைந்தது. வழிநெடுக மக்கள் திரண்டு வேடிக்கை பார்த்தனர். பீங்கான் யானைகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்து பல்லாண்டு கழிந்த பின்னரே இந்நிகழ்ச்சி நடந்தது.

சாக்சனி நாட்டு மன்னர் அகஸ்டஸ் பீங்கான்மேல் தீராத வேட்கை கொண்டவர். 1717ஆம் ஆண்டில் 151 சீனப் பீங்கான் பாண்டங்களுக்காகத் தம் குதிரைவீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார். மண்பாண்டத்துக்கு மனிதரை மாற்றிய வணிகம் அது! அவர் 1710இல் நிறுவிய மெய்சன் ஆலை, காக்கியேமோன் வேலைப்பாட்டைப் பார்த்துப் படியெடுத்தே கைதேர்ந்தது. பின்னர்ச் சிறு விலங்குகளையும் மனித உருவங்களையும் தானே புனைந்து புகழ்பெற்றது. காலப்போக்கில் செருமனியின் துரிங்கியாப் பகுதி ஆலைகள் அவற்றை மலிவாகப் பெருக்கி அமெரிக்கா வரை அனுப்பின. ஜப்பானிடம் செருமனி கற்றது. பின்னர் அதே செருமனியைப் பார்த்து ஜப்பான் படியெடுத்தது.

ஜப்பானுக்குள்ளே விலங்குருவம் வனையும் மரபு அறவே நின்றுவிடவில்லை. ஹிராடோ குலத்தாரின் ஆதரவில் மிகாவாச்சிக் குயவர்கள் பனிபோன்ற வெண்பீங்கானில் நாய்க்குட்டி, முயல், எலி முதலியவற்றை நுட்பமாக வனைந்தனர். ஜப்பானியரின் உடையில் பை கிடையாது. ஆதலின் இடைக்கச்சையில் சிறு பெட்டியைத் தொங்கவிடுவர். அதன் கயிறு நழுவாதிருக்க நெத்சுக்கே என்னும் சிறு குமிழை மாட்டுவர். தந்தத்திலும் மரத்திலும் மிகுதியாகச் செதுக்கப்பட்ட அக்குமிழ்கள் மிகாவாச்சியில் பீங்கானிலும் உருவாயின. உள்ளங்கையில் ஒரு விலங்கை உருட்டி மகிழும் பழக்கத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. 1871இல் குறுநில ஆட்சிகள் ஒழிக்கப்பட்டபோது இக்குயவர்கள் தம் புரவலரை இழந்தனர். அன்றுமுதல் கடல்கடந்த அங்காடியே அவர்களுக்குப் புரவலர்.

கியூஷுவிலிருந்து நெடுந்தொலைவில், நகோயா நகருக்கு அருகே உள்ளது செட்டோ. மட்பாண்டத்துக்கு ஜப்பானியர் வழங்கும் 'செட்டோமோனோ' என்னும் சொல்லே 'செட்டோப் பொருள்' எனப் பொருள்படும். அவ்வூரின் பழம்பெருமைக்கு இச்சொல் ஒன்றே போதும். அங்குள்ள வெண்களிமண்ணில் ஒருவகைக்குத் தவளைக்கண் என்று பெயர். நனைந்ததும் அதிலுள்ள பளிங்குக்கல் மணிகள் தவளையின் விழிபோல் மின்னுவதால் அப்பெயர் வந்தது. மண் இருந்தும் அவ்வூரார்க்குப் பீங்கான் செய்யும் மறை தெரியாதிருந்தது. காட்டோ தாமிகிச்சி என்பார் 1804இல் கியூஷு சென்று, மூன்றாண்டுகள் அங்கே தங்கி உழைத்து, மறைபொருளாகக் காக்கப்பட்ட அக்கலையைக் கற்று 1807இல் ஊர் திரும்பினார். செட்டோ அவரைப் பீங்கான் தெய்வமாகப் போற்றுகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவ்வூர் சிற்றுருவங்களின் தாயகமாகியது.

சக்கரத்தில் வனையும் பாண்டம்போல் பூனையை வனைய இயலாது. 1873ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜப்பானியர், சுண்ணச்சாந்து அச்சில் களிமண் குழம்பை ஊற்றி வார்க்கும் முறையை ஐரோப்பாவில் கற்றுவந்தனர். இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகப் பிரியும் அச்சுக்குள் பால்போன்ற குழம்பை ஊற்றிச் சற்று நேரம் விடுவர். சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரை ஒட்டி மெல்லிய களிமண் தோல் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக ஒரு பூனை இருக்கும். காதும் வாலும் தனியே வார்த்து அதே குழம்பால் ஒட்டப்படும். மண்ணின் ஈரம் உலர்ந்தும் சூளையில் வெந்தும் உருவம் சுருங்கும். அச்சு செய்வோர் அச்சுருக்கத்தை முன்னரே கணித்துப் பெரிதாகச் செய்வர். உட்கூட்டில் அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற வழியில்லாவிட்டால் சூளையில் உருவம் வெடித்துவிடும். அடிப்பக்கத்துத் துளை அதற்காகவே. குறையென்று எண்ணி விற்பவரிடம் வாதிடுவோர் இன்றும் உளர்!

கண்ணும் மூக்கும் கன்னச் சிவப்பும் கையால் தீட்டப்பட்டன. ஒரே அச்சில் வார்த்த நூறு பூனைகளும் நூறு விதமாகப் பார்ப்பது இதனாலேயே. ஒன்று வியப்போடு நோக்கும். மற்றொன்றின் விழி சற்றே மாறுகண்ணாக இருக்கும். ஆலைக்குள் அமர்ந்து தீட்டியவர்களும், வேலையை ஏற்றுச் சிறு பட்டறைகளில் தீட்டியவர்களும் தம் பெயரை எங்கும் எழுதவில்லை. அடிப்பக்கத்தில் நாட்டின் பெயருக்கு இடம் இருந்தது. தூரிகை பிடித்த கைக்கு இல்லை.

நாட்டின் பெயரும் அவர்கள் விரும்பி எழுதியதன்று. 1890இல் அமெரிக்க ஐக்கிய நாடு இயற்றிய மக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறித்தல் வேண்டும் என விதித்தது. 1891 முதல் ஜப்பானிய உற்பத்தியாளர் தம் நாட்டைத் தம் மொழியில் தாம் அழைக்கும் பெயரையே, அஃதாவது 'நிப்பான்' என்பதையே, ஆங்கில எழுத்தில் பொறித்தனர். முப்பது ஆண்டுகள் அது செல்லுபடியாயிற்று. 1921இல் அமெரிக்கச் சுங்கத்துறை, நிப்பான் என்பது ஆங்கிலச் சொல் அன்று எனக் கூறி, 'ஜப்பான்' என்றே எழுதுமாறு கட்டளையிட்டது. ஒரு நாட்டின் பெயரைப் பொருளை வாங்குபவர் முடிவு செய்தார். சேர்ப்போர் இன்று நிப்பான் முத்திரை கண்டால் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது என எளிதாகக் காலம் வகுப்பது இக்கட்டளையின் பயனே.

இதற்கிடையில் 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. செருமானியக் கப்பல்கள் கடலில் முடங்கின. அமெரிக்கக் கடைகளில் செருமானிய பொம்மைகளும் சிற்றுருவங்களும் அருகின. வணிகர்கள் ஜப்பானை நோக்கித் திரும்பினர். 1876 முதலே நியூயார்க்கு நகரோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த மொரிமுரா சகோதரர்கள் போன்றோருக்கு வழி திறந்தது. செட்டோவிலும் நகோயாவிலும் நாய், பூனை, வாத்து, யானை எனப் பீங்கான் மந்தைகள் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை கலைநயம் மிக்கவை என்று கூறுதல் உண்மையாகாது. செருமானிய உருவத்தை வைத்துக்கொண்டு அச்சு எடுத்ததும், மலிவு கருதித் தூரிகையை இரண்டே வீச்சில் முடித்ததும் வெளிப்படை. பத்துக் காசுக் கடைகளில் விற்கவேண்டிய பொருளுக்கு அதற்குமேல் உழைப்பைச் செலுத்தவும் இயலாது.

பின்னர் வந்த போர் சூளைகளையும் விட்டுவைக்கவில்லை. இரும்பும் செம்பும் படைக்கலத்துக்குப் போக, மக்களுக்கு வேண்டிய பல உலோகப் பொருள்களைக் களிமண்ணில் செய்யும் நிலை வந்தது. பாண்டங்களின் அடியில் சூளையின் பெயருக்கு மாறாக ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்தும் கட்டுப்பாட்டு எண்ணும் இடப்பட்டன. குயவர்களே எண்ணாகிவிட்டனர். போரின் இறுதியில் எறிகுண்டுக்கு வேண்டிய ஓடுகளும் மண்ணில் சுடப்பட்டன. 1945இல் கியோத்தோ, செட்டோ, அரிட்டா ஆகிய மூன்று இடங்களிலும் மண்ணால் நாணயங்கள் செய்யப்பட்டன. அவை வழக்கிற்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எந்தத் திறமை ஜப்பானின் பெருமையாக இருந்ததோ, அத்திறமை வெடிகுண்டு ஓட்டிலும் செல்லாக் காசிலும் போய் முடிந்தது.

அதே ஆண்டுகளில் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றைத் தமிழ் மாணவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றி அதற்குச் 'சியோனான்' எனப் புதுப்பெயர் சூட்டியது. பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தமிழர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் இரயில் பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பாதோர் மிகப் பலர். பிறர் கைப்பட்ட நாடு என்றால் என்ன பொருள் என்பதை மலாயா அகராதி பார்த்து அறிந்ததில்லை.

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் தலைமையில் நேசநாட்டுப் படைகள் அந்நாட்டை ஆண்டன. பசித்த மக்களுக்கு உணவு வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். செலாவணிக்கு ஏற்றுமதி வேண்டும். இரும்பாலைகள் தரைமட்டமாகியிருந்த காலத்தில் உள்நாட்டு மண்ணும் விறகும் நிலக்கரியும் கைத்திறனும் கொண்டு உடனே செய்யத்தக்க பொருள்களுள் பீங்கான் ஒன்று. 1947இல் தனியார் வெளிநாட்டு வணிகம் மீண்டும் தொடங்கியபோது, 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்னும் முத்திரை ஏற்றுமதிப் பொருள்களில் ஏறியது. தேநீர்க் கிண்ணத்திலும் தையல்பெட்டியிலும் அது இருந்தது. ஆனால் குட்டிகளை அணைத்துப் படுத்திருக்கும் ஒரு விரல் நீள நாயின் வயிற்றில் அதைக் காணும்போது ஏற்படும் உணர்வே வேறு. ஊர்களுக்குப் புதுப்பெயர் சூட்டிய ஒரு பேரரசு, தன் பெயருக்கு முன்னால் அச்சொல்லைத் தன் கையாலேயே பொறிக்க நேர்ந்தது. இதில் மகிழ்வதற்கு ஏதேனும் உண்டா எனில், இல்லை என்றே கூறவேண்டும். சயாமுக்கு ஆணையிட்ட கை வேறு. செட்டோவில் நாய்க்குட்டிக்கு மூக்கு வரைந்த கை வேறு. முத்திரையோ இரண்டுக்கும் சேர்த்துக் குத்தப்பட்டது.

1951இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முத்திரையிலிருந்து அச்சொல் மறைந்தது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளே சிற்றுருவங்களின் பொற்காலம். 1949இல் ஒரு டாலருக்கு 360 யென் என நாணய மாற்று விலை நிலைநிறுத்தப்பட்டதால் ஜப்பானியப் பொருள் அமெரிக்காவில் மிக மலிவாயிற்று. சிக்காகோ நகரில் லெஃப்டன் போன்ற இறக்குமதி நிறுவனங்கள் தம் பெயரில் ஜப்பானிய உருவங்களை விற்றன. தாய்ப்பூனையின் கழுத்திலிருந்து மெல்லிய சங்கிலியால் இரு குட்டிகளைப் பிணைத்த தொகுதிகளும், சிறு அட்டையில் ஒட்டிய எலும்புப் பீங்கான் குடும்பங்களும் சிறுவர் கைக்காசுக்குக் கிடைத்தன. பலவற்றில் முத்திரைக்கு மாற்றாகப் பொன்னிறத் தாள் ஒன்றே ஒட்டப்பட்டது. அத்தாள் உதிர்ந்தபின் அவ்விலங்குகள் ஊர்பேர் அற்றவையாயின.

இத்தொழிலை வீழ்த்தியது போர் அன்று, நாணய மாற்று. 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் நியூயார்க்கில் செய்துகொண்ட பிளாசா உடன்பாட்டால் யென்னின் மதிப்பு விரைந்து உயர்ந்தது. ஏறத்தாழ 240 யென்னாக இருந்த ஒரு டாலர் 1987 இறுதியில் 120 யென் அளவுக்கு இறங்கியது. அமெரிக்கர் கையில் செட்டோவின் பூனை இருமடங்கு விலையாயிற்று. முன்னரே போட்டியிட்டு வந்த தைவானுக்கும் பின்னர்ச் சீனாவுக்கும் அங்காடி போயிற்று. செட்டோவின் ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. 2005இல் திறக்கப்பட்ட செட்டோகுரா அருங்காட்சியகத்தில் அவ்வூரின் சூளைக்கலங்களோடு சிற்றுருவங்களும் இடம்பெற்றன. ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டதால், தம் ஊரில் இத்தகைய பொருள்கள் பிறந்தன என்பதை அங்குள்ள இளையோருள் பலர் அருங்காட்சியகத்தில்தான் அறிகின்றனர்.

பொருள் அருகியதும் சேர்ப்போர் பெருகினர். காதில் முறிவு உண்டா, ஒட்டுப் போட்டிருக்கிறதா, சங்கிலி பழையதா, அட்டை உடன் இருக்கிறதா என்றெல்லாம் அவர்கள் ஆராய்வர். எனினும் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது காலடி எழுத்தே. 'ஜப்பான்' என்று மட்டும் உள்ள பூனையைவிட 'ஆக்குபைட் ஜப்பான்' என்றுள்ள அதே பூனைக்கு மதிப்பு மிகுதி. ஐந்தாண்டு அளவே வழங்கிய முத்திரையாதலின் அது அரிது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அக்காலத்துப் பொருள்கள் அனைத்தும் அம்முத்திரையைத் தாங்கவில்லை. பல உருப்படிகள் கொண்ட தொகுதியில் ஒன்றிரண்டில் மட்டும் அது இருப்பதும் உண்டு. முத்திரை இருந்தால் காலம் துணியலாம். இல்லையெனில் அக்காலத்தது அன்று எனத் துணிய இயலாது.

இருக்கும் முத்திரையையும் உடனே நம்பிவிடுதல் ஆகாது. வேறு வழியின்றி ஜப்பானியர் இட்ட அச்சொல்லை, விலை கருதிப் புதுப்பூனைகளின் காலடியில் பொய்யாகக் குத்தி விற்போர் பின்னாளில் தோன்றினர். மெருகுக்குக் கீழே இடப்பட்ட உண்மை முத்திரை அழியாது. பின்னர்க் குத்தியது மேலோடு நிற்கும். ஆகவே தேர்ந்த சேர்ப்போர், பெண்கள் நகப்பூச்சை அகற்றப் பயன்படுத்தும் நீர்மத்தைச் சிறு பஞ்சில் நனைத்து, பூனையைக் கவிழ்த்து, அவ்வெழுத்தின்மேல் மெல்லத் தேய்ப்பர். ஜப்பான் என்னும் பெயரும் அதற்கு முன் நிற்கும் சொல்லும் பஞ்சோடு வந்துவிட்டால், பூனையை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பர்.